கணினியில் காணாமற்போன மின்னஞ்சல்: எங்கே தேடுவது, எதைத் தொடாமல் இருப்பது

அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருளை ஒரு நாள் திறக்கும்போது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த மடல்கள் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தால், அதற்குக் காரணம் எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை. மடல்கள் சர்வரில் பத்திரமாக இருக்க, கணினிக்கு வரும் வழி மட்டும் தடைப்பட்டிருக்கலாம். மடல் கோப்பு வட்டிலேயே இருந்தும், மென்பொருள் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கலாம். கோப்பு நலமாக இருக்க, அதற்குள் இருந்த மடல்கள் மட்டும் நீக்கப்பட்டிருக்கலாம். கோப்பே அழிந்தோ சிதைந்தோ போயிருக்கலாம். கோப்பைத் தாங்கிய வட்டே பழுதாகத் தொடங்கியிருக்கவும் கூடும். திரையில் இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத்தான் தெரிகின்றன. ஆனால், ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் இன்னொன்றில் மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும். ஆகவே, எந்த மீட்பு மென்பொருளை நிறுவுவது என்ற கேள்விக்கு முன்னால், இழப்பு எந்த இடத்தில் நேர்ந்திருக்கிறது என்ற கேள்வி வருகிறது. அதற்கு விடை தெரியும் வரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பதே, தொடக்கநிலையில் இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

முதலில், நம் மடல்கள் உண்மையில் எங்கே வாழ்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்னஞ்சல் மென்பொருள் சர்வரோடு பேசுவதற்கு இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஐமேப் முறையில் மடல்களின் மூலப்பிரதி சர்வரில் இருக்கும். கணினியில் இருப்பது அதன் நகல். பாப் முறையில் மடல்கள் சர்வரிலிருந்து கணினிக்கு இறங்கும். அமைப்பைப் பொறுத்து, இறங்கியவுடனோ சில நாட்கள் கழித்தோ சர்வரில் இருந்த பிரதி நீக்கப்படும். வழக்கறிஞர் அலுவலகங்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், சிறு ஏற்றுமதி நிறுவனங்கள் போன்ற இடங்களில், சர்வரில் இடம் குறைவு என்பதற்காகப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் பாப் முறையில் அமைத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்ட கணினிகள் இன்றும் ஏராளம். அங்கெல்லாம் அந்த ஒரு கணினியின் வட்டில் இருப்பதுதான் உலகிலேயே ஒரே பிரதி. ஆகவே கணக்கின் அமைப்பில் பாப் என்று இருக்கிறதா, ஐமேப் என்று இருக்கிறதா, அல்லது அலுவலகங்கள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் முறையா என்பதைப் பார்ப்பது முதல் வேலை.

ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்றால், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ உலாவி வழியாக அதே கணக்கைத் திறந்து பாருங்கள். மடல்கள் அங்கே இருந்தால், உங்கள் கணினியில் பழுதானது நகல் மட்டுமே. கணக்கை மீண்டும் இணைத்தால் அனைத்தும் திரும்ப இறங்கிவிடும். அங்கே குப்பைத்தொட்டியில் கிடந்தாலும் எடுத்துவிடலாம். ஜிமெயிலில் குப்பைத்தொட்டிக்குப் போன மடல் 30 நாட்கள் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் சர்வரில் குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகு, நிர்வாகி வேறுவிதமாக மாற்றாதவரை, மேலும் 14 நாட்களுக்கு நீக்கிய மடல்களை மீட்கும் வசதி உண்டு.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்று இருக்கிறது; அதைப் பலர் கவனிப்பதில்லை. சர்வரில் மடல்கள் நீக்கப்பட்டுவிட்டன, அல்லது நிறுவனம் அந்தக் கணக்கையே மூடிவிட்டது. ஆனால் ஒருவருடைய மடிக்கணினியில் அதன் நகல் இன்னும் இருக்கிறது. அந்த மடிக்கணினியை இணையத்தோடு இணைத்து மென்பொருளைத் திறந்தால், அது கடமை தவறாமல் சர்வரோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாத மடல்களை இங்கேயும் நீக்கிவிடக்கூடும். எனவே இப்படிப்பட்ட நிலையில் வைஃபையை அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மென்பொருளைத் திறக்க வேண்டும்; திறந்தவுடன் மடல்களைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, மடல் கோப்பு என்பது என்ன என்று பார்ப்போம். ஒவ்வொரு மடலும் தனித்தனிக் கோப்பாக இருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சில மென்பொருள்களில் அப்படி இருப்பது உண்மைதான் என்றாலும், வீடுகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் காணப்படுவது ஆயிரக்கணக்கான மடல்களை உள்ளடக்கிய ஒரே பெரிய கோப்பு. அவுட்லுக்கில் பாப் கணக்குக்கான கோப்பு பிஎஸ்டி என்ற பின்னொட்டோடு இருக்கும். 2010 பதிப்பு முதல் அது வழக்கமாக ஆவணங்கள் கோப்புறைக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறையில் வைக்கப்படுகிறது. எக்ஸ்சேஞ்ச் கணக்கின் நகலும், புதிய பதிப்புகளில் ஐமேப் கணக்கின் நகலும் ஓஎஸ்டி என்ற பின்னொட்டோடு, பயனரின் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும். தண்டர்பேர்டில் அதே ‘ஆப்டேட்டா’வுக்குள், பயனரின் மடல்களும் அமைப்புகளும் சேர்ந்திருக்கும் புரொஃபைல் என்ற கோப்புறை உண்டு. அதற்குள் பாப் கணக்குகள் ‘மெயில்’ என்ற பெயரிலும், ஐமேப் கணக்குகள் ‘ஐமேப்மெயில்’ என்ற பெயரிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இன்பாக்ஸ், சென்ட் என்ற பெயர்களில், பின்னொட்டே இல்லாமல் காணப்படும் பெரிய கோப்புகள்தான் மடல்கள். அவற்றுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருக்கும் சிறிய கோப்புகள் வெறும் அட்டவணைகள்.

மடல்களையும் அட்டவணையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாதிப் பயம் நீங்கிவிடும். மென்பொருள் திரையில் காட்டும் பட்டியல் அட்டவணையிலிருந்து வருவது. அட்டவணை கெட்டுப்போனால் மடல்கள் இல்லாததுபோலத் தோன்றும். பொருளும் தேதியும் இடம் மாறித் தெரியும். ஒரு மடலைச் சொடுக்கினால் வேறொரு மடலின் பாதி திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்தால், மடல் கோப்பை முதலிலிருந்து படித்துப் புதிய அட்டவணையை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அதேபோல, விண்டோஸைப் புதுப்பித்த பிறகோ மென்பொருளை மீண்டும் நிறுவிய பிறகோ தண்டர்பேர்ட் புதிய புரொஃபைலில் திறந்து, பழையது அருகிலேயே தொடப்படாமல் கிடப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆகவே வட்டில் பிஎஸ்டி கோப்புகள் எத்தனை உள்ளன, பெரிய அளவிலான இன்பாக்ஸ் கோப்புகள் எங்கேனும் உள்ளனவா என்று தேடிப் பார்த்த பிறகே ‘தொலைந்துவிட்டது’ என்ற முடிவுக்கு வரலாம். இந்தத் தேடல் எதையும் மாற்றுவதில்லை என்பதால், அதில் ஆபத்தும் குறைவு.

கோப்பு இருக்கிறது, அதற்குள் மடல்கள்தான் நீக்கப்பட்டுவிட்டன என்றால், தண்டர்பேர்ட் பயன்படுத்துவோருக்கு ஓர் எதிர்பாராத வாய்ப்பு உண்டு. அதன் மடல் கோப்பு எம்பாக்ஸ் என்ற மிகப் பழைய, மிக எளிய அமைப்பைக் கொண்டது. ஒரு நீளமான நோட்டில் கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவதுபோல, வரும் மடல்கள் கோப்பின் இறுதியில் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு மடலும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லோடு தொடங்கும் ஒரு வரியால் முந்தையதிலிருந்து பிரிகிறது. நடுவில் இருக்கும் ஒரு மடலை நீக்கச் சொன்னால், மென்பொருள் அதைக் கிழித்தெடுப்பதில்லை. பெரிய கோப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும் என்பதால், மடலின் தலைப்பகுதியில் ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் ஒரு குறியை மட்டும் மாற்றுகிறது. அந்த வரியில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 0001 என்றால் படித்த மடல். 0009 என்றால் படித்து, பிறகு நீக்கிய மடல். நீக்கியதைக் குறிப்பது அந்த எண்ணில் சேர்ந்திருக்கும் எட்டுதான். கோப்பின் நகல் ஒன்றை எளிய உரை எடிட்டரில் திறந்து 0009 என்பதை 0001 என்று மாற்றி, அட்டவணைக் கோப்பையும் நீக்கிவிட்டால், மடல் மீண்டும் பட்டியலில் தோன்றும். மடல்கள் பலவாக இருந்தால் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தலாம்.

இந்த வாய்ப்பை அடியோடு அழிப்பது ‘கம்பாக்ட்’ என்ற செயல். நீக்கல் குறி பெற்ற மடல்களை விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் புதிய கோப்பாக எழுதி, பழையதை நீக்குவதே அதன் வேலை. வட்டில் இடம் சேமிக்கும் என்பதால், இதைத் தானாகவே செய்யும்படியோ கேட்டுவிட்டுச் செய்யும்படியோ மென்பொருள் அமைக்கப்பட்டிருக்கும். மடல் காணவில்லை என்று தெரிந்த நேரத்தில் ‘இடத்தைச் சேமிக்கலாமா’ என்று ஒரு பெட்டி வந்தால், அதை மறுத்துவிட்டு மென்பொருளை மூடுவதுதான் சரி. பிஎஸ்டி கோப்பிலும் இதே தன்மை உண்டு. நீக்கிய மடலின் இடம் ‘காலி’ என்று கோப்புக்குள்ளேயே குறிக்கப்பட்டு, புதிய மடல் வந்து அந்த இடத்தை நிரப்பும் வரை பழைய உள்ளடக்கம் கிடக்கும். ஆனால் பிஎஸ்டியின் உள்ளமைப்பு சிக்கலானது என்பதால், அதை எடிட்டரில் திறந்து திருத்த முடியாது. நீக்கிய மடல்களைத் தேடும் திறன் கொண்ட தனி மென்பொருள் வேண்டும்.

இனி, கோப்பே அழிந்த நிலை. ரீசைக்கிள் பின்னில் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் மடல் கோப்புகள் பல ஜிபி அளவுள்ளவை என்பதால், ரீசைக்கிள் பின்னுக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல், ‘நிரந்தரமாக நீக்கட்டுமா’ என்று கேட்டுவிட்டு விண்டோஸ் நேரடியாகவே நீக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கோப்பு இருந்த கோப்புறையின் பண்புகளில் ‘முந்தைய பதிப்புகள்’ என்ற பகுதியையும் பாருங்கள். விண்டோஸின் காப்புப்பிரதி வசதியான ஃபைல் ஹிஸ்டரியோ மீட்புப் புள்ளிகளோ இயக்கத்தில் இருந்திருந்தால் அங்கே பழைய பிரதி கிடைக்கக்கூடும். தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் ஆன்டிவைரஸின் தனிமைப்படுத்திய கோப்புகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும்: இன்பாக்ஸில் உள்ள ஒரே ஒரு மடலின் இணைப்பில் வைரஸ் இருந்தாலும், ஆன்டிவைரஸின் பார்வையில் அது ஒரே கோப்பு என்பதால், மொத்த இன்பாக்ஸையும் அது தூக்கித் தனிமைப்படுத்திவிடுவதுண்டு.

இவை எதிலும் இல்லையென்றால்தான் மீட்பு மென்பொருளின் வேலை தொடங்குகிறது. அந்த வேலை ஏன் சில வேளைகளில் பலிக்கிறது, ஏன் பலிப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, வட்டில் அழித்தல் எப்படி நிகழ்கிறது என்பதை அறிய வேண்டும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை, வட்டைச் சிறுசிறு கிளஸ்டர்களாகப் பிரித்து வைத்திருக்கிறது; ஒரு கிளஸ்டரின் வழக்கமான அளவு 4 கேபி. 5 ஜிபி அளவுள்ள பிஎஸ்டி கோப்பு என்றால், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கிளஸ்டர்களில் அது பரந்து கிடக்கிறது. எந்தக் கோப்பு எந்தெந்தக் கிளஸ்டர்களில் இருக்கிறது என்ற விவரம், எம்எஃப்டி என்ற முதன்மைப் பதிவேட்டில் இருக்கும். கோப்பை அழிக்கும்போது, பதிவேட்டில் அந்தக் கோப்புக்கு உரிய பதிவு ‘பயன்பாட்டில் இல்லை’ என்றும், அதன் கிளஸ்டர்கள் ‘காலி’ என்றும் குறிக்கப்படுகின்றன. மடல்களின் உள்ளடக்கம் அந்த நொடியில் அழிவதில்லை. அடுத்து எழுதப்படும் ஏதோ ஒரு கோப்பு அந்தக் கிளஸ்டர்களைப் பிடிக்கும்போதுதான் அழிகிறது. உலாவியைத் திறப்பது, விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது, மீட்பு மென்பொருளையே அதே வட்டில் இறக்கி நிறுவுவது ஆகிய ஒவ்வொன்றும் அந்த இடங்களில் எழுதக்கூடும். அதனால்தான் கணினியை உடனே அணைத்து, வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாம் வட்டாக இணைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். வட்டைக் கழற்ற முடியாதென்றால், பென் டிரைவில் இருந்து இயங்கும் லினக்ஸ் மூலம் கணினியைத் தொடங்குவது அதற்கு அடுத்த நல்ல வழி. வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் உள்ள கணினியின் வட்டை இப்படி வெளியே படிக்க 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ நிறுவன நிர்வாகியிடமோ அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதுவரை சொன்னது சுழலும் தகடுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்தும். சுழலும் தகடு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டில் நிலை வேறு. இதை மறைத்து நம்பிக்கையூட்டுவது நேர்மையாகாது. எஸ்எஸ்டியில் பழைய உள்ளடக்கத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் அந்தப் பகுதியை அழித்துத் தயார் செய்ய வேண்டும். அதற்காக, கோப்பு அழிக்கப்பட்டதும் ‘இந்த இடங்கள் இனித் தேவையில்லை’ என்று இயங்குதளம் வட்டுக்கு அறிவிக்கிறது. டிரிம் எனப்படும் இந்தக் கட்டளை, 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸில் இருக்கிறது. கட்டளையைப் பெற்ற எஸ்எஸ்டி, அந்த இடங்களைக் கேட்டால் வெறும் பூச்சியங்களையே பொதுவாகத் திருப்பித் தரும். கணினியின் உள்ளே பொருத்தப்பட்ட எஸ்எஸ்டியில் நிரந்தரமாக அழிந்த கோப்பை எந்த மென்பொருளும் மீட்பதற்கான வாய்ப்பு இதனால் மிகக் குறைவு. அப்படிப்பட்ட வட்டுக்கு விலையுயர்ந்த மீட்பு மென்பொருளை வாங்குவதற்கு முன், பழைய பேக்கப், பழைய கணினி, உடன் பணியாற்றியவரின் மடல்பெட்டி, நீங்கள் யாருக்கு எழுதினீர்களோ அவரிடம் உள்ள பிரதி ஆகியவற்றைத் தேடுவது கூடுதல் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஹார்ட் டிஸ்க்கில் மீட்பு மென்பொருள்கள் இரண்டு வழிகளில் தேடுகின்றன. முதல் வழி, எம்எஃப்டியில் எஞ்சியிருக்கும் பழைய பதிவைப் படித்து, அது சுட்டும் கிளஸ்டர்களை வரிசையாக எடுத்துக் கோர்ப்பது. பதிவும் கிளஸ்டர்களும் அப்படியே இருந்தால், கோப்பு தன் பெயரோடு முழுமையாகத் திரும்பும். மைக்ரோசாஃப்ட் 2020இல் இலவசமாக வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி இந்த வகைத் தேடலைச் செய்யும்; அது கட்டளை வரியில் இயங்குவது, மீட்ட கோப்புகளை வைக்க வேறொரு டிரைவைக் கட்டாயம் கேட்பது. இரண்டாம் வழி, பதிவு அழிந்துபோன நிலையில் பயன்படுவது: வட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தைத் தேடுவது. பிஎஸ்டி கோப்பு எப்போதும் ஓர் ஆச்சரியக்குறியோடும், அதையடுத்து பி, டி, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பெயரில் படத்தைச் சொன்னாலும், பிஎஸ்டி உட்பட நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளை இப்படித் தேடுகிறது.

இரண்டாம் வழி ஒளிப்படங்களுக்கு நன்றாகப் பலிக்கும் அளவுக்கு மடல் கோப்புகளுக்குப் பலிப்பதில்லை. ஒரு படம் ஒரே நேரத்தில், பெரும்பாலும் அடுத்தடுத்த கிளஸ்டர்களில் எழுதப்படுகிறது. மடல் கோப்போ ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக வளர்வது. ஒவ்வொரு முறை வளரும்போதும் அருகில் காலியிடம் இல்லையென்றால், புதிய பகுதி வட்டின் வேறு மூலைக்குப் போய்விடும். ஐந்தாறு ஆண்டு வயதான ஒரு பிஎஸ்டி கோப்பு ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறியிருப்பது இயல்பு. தொடக்க அடையாளத்தைக் கண்டுபிடித்த மென்பொருள், அதற்கு அடுத்தடுத்த கிளஸ்டர்களை எடுத்துக் கோர்த்தால், நடுவில் வேறு கோப்புகளின் உள்ளடக்கமும் கலந்துவிடும். இங்கேதான் இரண்டு அமைப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு முழுமையாக வெளிப்படுகிறது. எம்பாக்ஸ் கோப்பின் எந்தத் துண்டை எடுத்தாலும் அது படிக்கக்கூடிய எழுத்துகளே. பத்துத் துண்டில் நான்கு கிடைத்தாலும், அந்த நான்கில் உள்ள மடல்கள் கிடைத்த மாதிரிதான். பிஎஸ்டியில் மடலின் உரை ஒரு குறிமாற்று முறையால் மாற்றி எழுதப்படுவது இயல்பான அமைப்பு. அதோடு, ஒரே மடலின் தலைப்பு, உரை, இணைப்பு ஆகியவை கோப்பின் வெவ்வேறு இடங்களில் இருக்க, அவற்றை இணைக்கும் மரம் போன்ற கட்டமைப்பு இன்னோரிடத்தில் இருக்கும். அந்தக் கட்டமைப்பு தொலைந்துவிட்டால் துண்டுகளைக் கோர்ப்பது கடினம். எளிமையான கோப்பு அமைப்புகளை நான் எப்போதும் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

தமிழில் மடல் எழுதுவோர் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்ட எம்பாக்ஸ் கோப்பை எடிட்டரில் திறந்ததும் தமிழ் எழுத்தையே காணாமல், சமக்குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் மட்டுமே நிரம்பியிருப்பதைப் பார்த்து, கோப்பு சிதைந்துவிட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள். அது சிதைவு அன்று. யூனிகோடை மடல்களில் வழக்கமாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட். மின்னஞ்சல் அமைப்பு ஆங்கில எழுத்துகளுக்காகவே முதலில் உருவானது என்பதால், இந்தப் பைட்டுகள் ஆங்கில எழுத்துகளாக மாற்றி அனுப்பப்படுகின்றன. ஒரு முறையில் ஒவ்வொரு பைட்டும் சமக்குறியும் இரண்டு குறிகளுமாக மாறி, ‘தமிழ்’ 45 குறிகளாக நீளும். பேஸ்64 என்ற இன்னொரு முறையில் அது 20 குறிகளாக அடங்கும். பேஸ்64 முறையில் எழுதப்பட்ட தமிழ் மடலைக் கண்ணால் அடையாளம் காண ஒரு வழி உண்டு: தமிழில் தொடங்கும் மடலின் முதல் சொல்லில், நான்கு என்ற எண்ணும் ஆங்கில எழுத்தான ‘கே’யும் ஆறு என்ற எண்ணும் அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வரும், புள்ளி வரும் இடங்களில் ஆறுக்குப் பதில் கூட்டல்குறி வரும். அதைக் கண்டால், உள்ளே இருப்பது நலமான தமிழ் உரை என்று நம்பி, கோப்பை தண்டர்பேர்டின் உள்ளூர்க் கோப்புறைகளில் வைத்துத் திறந்து பாருங்கள்.

பழைய வட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் தமிழ் மடல்கள் பல, யூனிகோடில் இல்லாமல் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்க முறையிலோ, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டேப் முறையிலோ எழுதப்பட்டவை. அவை மீண்ட பிறகும் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகவே தெரியும். அந்த மடல்களை மாற்றாமல் அப்படியே சேமித்துவிட்டு, எழுத்துமாற்றிக் கருவி கொண்டு ஒரு பிரதியை மட்டும் யூனிகோடாக்கிப் படிக்க வேண்டும். தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளின் உரையாடல்கள் பல அப்படிப்பட்ட கோப்புகளில்தான் கிடக்கின்றன என்பதால், குப்பை என்று யாரும் அவற்றை அழித்துவிடக் கூடாது என்று மிகவும் விரும்புகிறேன்.

கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால், அது சிதைந்த கோப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது, அவுட்லுக் மூடுவதற்குள் கணினியை அணைப்பது, பிஎஸ்டி கோப்பை அலுவலகப் பொது சர்வரில் வைத்து வலைப்பின்னல் வழியாகத் திறப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். அளவும் ஒரு காரணம். அவுட்லுக் 2002 வரையிலான பழைய பிஎஸ்டி அமைப்பு 2 ஜிபிக்கு மேல் தாங்காது. எல்லையைத் தொட்ட கோப்பு திறக்காமலே போய்விடும். 2003 பதிப்பில் வந்த புதிய அமைப்பில் இயல்பான எல்லை 20 ஜிபி ஆகவும், 2010 முதல் 50 ஜிபி ஆகவும் உயர்ந்தது.

இதைச் சரிசெய்ய அவுட்லுக்கோடு சேர்ந்தே வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற சிறு கருவி, ஆஃபிஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் இருக்கிறது. முதலில் அவுட்லுக்கை மூடி, சிதைந்த கோப்பை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டு, நகலின் மேல் மட்டுமே அதை இயக்க வேண்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்குக் குறைவான கோப்புகளே ஏறும் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். ஸ்கேன்பிஎஸ்டி கோப்பின் கட்டமைப்பைச் சரிபார்த்து, இடம் தெரியாத மடல்களை ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற கோப்புறையில் சேர்க்கும். பொருந்தாத பகுதிகளை நீக்கியும் விடும். கோப்பைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம் என்பதால், எல்லா மடல்களும் மீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருமுறை ஓட்டிப் பிழைகள் இருந்தால் மீண்டும் ஓட்டலாம். ஓஎஸ்டி கோப்பு சிதைந்து, சர்வரில் கணக்கு நலமாக இருந்தால், இந்தப் பாடே வேண்டாம். அதன் பெயரை மாற்றிவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால் புதிதாக உருவாகிவிடும்.

கோப்புகளை நகலெடுக்கும்போது கணினி உறைந்து நின்றாலோ, வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை வந்தாலோ, அது வட்டுப் பழுது. அந்த நிலையில் ஸ்கேன்பிஎஸ்டி, விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் ஆகிய எதையும் அந்த வட்டில் ஓட்டக் கூடாது. செக்டிஸ்க் கோப்பு முறையை ஒழுங்குபடுத்துவதற்காகச் செய்யப்பட்டது. பொருந்தாத துண்டுகளை வெட்டி, பெயரற்ற தனிக் கோப்புகளாக்கிவிடும். முதல் வேலை, வட்டின் முழுப் பிம்பத்தை, அதாவது அதன் எல்லாப் பகுதிகளின் நேர்நகலை, இன்னொரு நல்ல வட்டில் எடுப்பது. க்னூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவி இதற்கென்றே உருவானது: எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கடினமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும், எங்கே நின்றது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தி மீண்டும் தொடரவும் முடியும். அதன்பின் தேடல், மீட்பு எல்லாம் அந்தப் பிம்பத்தில்தான். வட்டு சுழலவே இல்லையென்றாலோ, ஓசை இடைவிடாமல் வந்தாலோ, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசியற்ற தூய அறை வசதி உள்ள மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதே வழி. ஒவ்வொரு முயற்சியிலும், வட்டைப் படிக்கும் தலைமுனை தகட்டைக் கீறும் ஆபத்து இருக்கிறது.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் நல்லவை உள்ளன. ஆனால் என்ன கிடைக்கும் என்பதைப் பணம் கேட்பதற்கு முன்னரே காட்டுவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் போதாது, மடல்களின் உரையையே திறந்து காட்ட வேண்டும். சிதைந்த பிஎஸ்டியை இணையத்தில் ஏற்றினால் சரிசெய்து தருவதாகச் சொல்லும் தளங்களைத் தவிர்ப்பது நல்லது. வங்கி, வழக்கு, மருத்துவம் என்று ஒருவரின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

மீண்ட கோப்பை, அன்றாடம் பயன்படுத்தும் புரொஃபைலில் சேர்க்காமல், புதிய புரொஃபைல் ஒன்றில் திறந்து சோதியுங்கள். மிகப் பழைய மடலின் தேதி, மிகப் புதிய மடலின் தேதி, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி ஏதும் உண்டா என்று பாருங்கள். இணைப்புகளைத் திறந்து பார்ப்பது இன்னும் முக்கியம். மடலின் உரை முழுமையாக இருந்து இணைப்பு பாதியில் அறுந்திருப்பது மிகவும் சாதாரணம். பாதி கிடைத்த ஜேபெக் படம் மேல்பாதியையாவது காட்டும். டாக்எக்ஸ் வகை வேர்டு ஆவணமோ உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதன் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால், பாதி கிடைத்தால் வேர்டு அதைத் திறக்க மறுக்கும். அப்படிப்பட்ட ஆவணங்களை, அனுப்பியவரிடம் மீண்டும் கேட்டுப் பெறுவதற்காகத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்து, மீண்ட மடல்களின் இரண்டு பிரதிகள் இரண்டு வெவ்வேறு வட்டுகளில் இருக்கின்றன என்று உறுதியான பிறகு மட்டுமே, பழைய வட்டை ஃபார்மட் செய்வதையோ கழிப்பதையோ யோசிக்கலாம்.